மீனா, பறவையா?

கொல்லைப்புறத்தில் துணிக்கொடிக்குக் கீழே நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் போனை வாயருகே பிடித்து ரகசியம் பேசிக்கொண்டிருந்தார். ரிட்டயர்டு ஆன மனுஷன், வீட்டில் ஆள் இருக்கும்போது கொல்லைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினால் பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. கையில் இருந்த தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே பின்னால் போய் நின்றேன்.

"க்யூ உள்ள இங்கிலீஷ் வார்த்தை. பக்கத்துல யூ இருக்கக் கூடாது. க்யூ உள்ள இங்கிலீஷ் வார்த்தை" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாருகிட்டங்க பேசுறீக?"

துள்ளி விழுந்தார். வேட்டி மடியில் போனை மறைக்கப் பார்த்து, மறைக்க முடியாமல், "போன்கிட்டத்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறொருத்தியாக இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய தண்ணீர் லாரிச் சண்டையைப் படித்தவர்களுக்கு என் வாய் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த காலத்திலேயே பிள்ளைகள் என் பிரம்புக்குப் பயந்ததைவிட என் வாய்க்குப் பயந்ததுதான் அதிகம். அந்த வாய் என்ன செய்தது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

நாலு மணி எழுத்து

எங்கள் ஒரே மகள் கவிதாவைச் சென்னையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளையும் அவளும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள், பிடித்துப்போய்ச் சொன்னார்கள், இரண்டு பக்கமும் சம்மதித்தோம். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் இங்கிலீஷில் படித்தவர்கள். சம்பந்தி இன்சூரன்ஸ் ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காபியோடு இங்கிலீஷ் பேப்பரில் குறுக்கெழுத்து போட்டுவிட்டுத்தான் குளிக்கவே போவார்.

அந்த வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. மாப்பிள்ளையின் தங்கை நிவேதா தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் குடும்ப குரூப்பில் இரண்டு மூன்று இங்கிலீஷ் எழுத்துகளைப் போடுவாள். அந்த எழுத்துகள் எல்லாம் உள்ளே வருகிற மாதிரி ஆளுக்கொரு வார்த்தை அனுப்ப வேண்டும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக் கூடாது. யாருக்கும் தோன்றாத வார்த்தையைப் போட்டவருக்குக் கிரீடம். நிஜக் கிரீடம் இல்லை, மஞ்சளாக ஒரு பொம்மைக் கிரீடம்.

பேரன் பிறந்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் அந்த குரூப்பில் சேர்த்தார்கள். நான் குட்மார்னிங் போடுவதோடு சரி. இவர்தான் விழுந்தார்.

ஆரம்பத்தில் நேர்மையாகத்தான் ஆடினார். இஜட் வர வேண்டும் என்றால் 'ஜீப்ரா' என்று அனுப்புவார். அதை சம்பந்தியம்மா அதற்கு முன்னாலேயே அனுப்பியிருப்பார். 'ஜூ' என்பார், அதுவும் வந்திருக்கும். பிறகு கவிதா பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த அகராதியைப் பரணிலிருந்து இறக்கினார். பாவம், அகராதி முதல் எழுத்துத் தெரிந்தவனுக்குத்தான் வழி விடும். நடுவில் எக்ஸ் வருகிற வார்த்தையை அதில் எங்கே போய்த் தேடுவது? முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக இறங்கி வந்தார். 'பி' முடிவதற்குள் மணி ஆறாகி, கிரீடம் வேறு யார் தலைக்கோ போய்விடும்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய மனுஷன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மதுரை, செக்கானூரணி, உசிலம்பட்டி, தேனி என்று வாழ்நாளெல்லாம் அதே ரோட்டில் போய் வந்தவர். எதற்கு இந்தப் பாடு என்று நான் கேட்டேன். "சும்மா பொழுது போகுதுல்ல" என்றார்.

அது பொழுதுபோக்கு இல்லை என்று எனக்கும் தெரியும்.

டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்

கவிதாவின் நிச்சயதார்த்தம் அன்று நடந்தது இது. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்கார அம்மா ஒருத்தர், பட்டுப்புடவை சரசரக்க வந்து கவிதாவின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டு, "அப்பா என்னம்மா பண்றார்?" என்று கேட்டார்.

"டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட் ஆன்ட்டி" என்றாள் கவிதா.

பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. இவர் அப்போது பின்னால் தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்துவிட்டது. தாம்பாளத்தை நிதானமாக இறக்கி வைத்துவிட்டு, மாலையைச் சரியாக எடுத்து வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் இவரும் 'டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்' என்றுதான் சொன்னார். எங்கள் வில்லாபுரத்துத் தெருவில், இவர் கையால் டிக்கெட் வாங்கிய ஆட்களிடம்கூடச் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்து முழிப்பார்கள்.

மகளை அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. அவள் மேல்தான் உயிர். அவள் போன இடத்தில் அப்பனால் அவள் தலை குனியக் கூடாது என்று மட்டும் நினைத்தார். அதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே வழி இந்த நாலு மணி எழுத்து. ஒரு கிரீடம் கிடைத்தால் அது கவிதாவின் தலைக்குப் போவதாக நினைத்துக்கொண்டார்.

எழுத்தைச் சொன்னால் வார்த்தை தருகிற பக்கம் ஒன்று போனில் இருக்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். கேட்ட எழுத்து நடுவில் இருந்தாலும் கடைசியில் இருந்தாலும் சரமாரியாகக் கொட்டும். கொல்லைப்புற ரகசியம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு வகை மீன்

அதன் பிறகு கிரீடமெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான். சம்பந்தி இரண்டு கையும் கூப்பிய படம் போட்டு, 'சம்பந்தி, எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் இவ்வளவு இங்கிலீஷை?' என்று எழுதினார். இவர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினார். அந்த நாட்களில் மனுஷன் நடக்கிற நடையே மாறியிருந்தது.

ஆனால் வார்த்தை கொடுக்கிற பக்கம் அர்த்தம் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் அது இங்கிலீஷில் இருக்கும். ஒருநாள் சம்பந்தி சாதாரணமாக, 'இதற்கு என்ன அர்த்தம் சம்பந்தி?' என்று கேட்டுவிட்டார். இவர் கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்தார். பிறகு, 'அது ஒரு வகை மீன்' என்று அனுப்பினார்.

கேள்வி அதோடு நின்றது. வழி கிடைத்துவிட்டது. மறுநாள் கேட்டபோது, 'ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு பறவை.' அதற்கடுத்த முறை மறுபடியும் மீன். கேட்கிறவர்கள் எல்லா மீனையும் பார்த்திருக்கப் போகிறார்களா என்பது அவர் கணக்கு. கணக்கு டீச்சரான எனக்கே அது சரியாகத்தான் பட்டது.

ஒரு தடவை 'க்வெட்சல்' என்று ஒரு வார்த்தை போட்டார். க்யூவும் இஜட்டும் சேர்ந்து வந்ததற்கு ஏகப்பட்ட பாராட்டு. வழக்கம் போல மீன் என்றார். சற்று நேரத்தில் சம்பந்தி ஒரு படம் அனுப்பினார். பச்சைப் பசேலென்று உடம்பும் முழ நீளத்துக்கு வாலுமாக ஒரு பறவை கிளையில் உட்கார்ந்திருந்தது. கீழே ஒன்றும் எழுதவில்லை.

இவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பதில் அனுப்பினார்: 'இதே பேரில் மீனும் இருக்கிறது.'

கவிதாவின் போன்

பேரனுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பூர்வீகம் மேலூர்ப் பக்கம். ஊரை விட்டுப் போய் எவ்வளவோ காலம் ஆனாலும் குலசாமியான அழகர்கோவில் கருப்பசாமியை மட்டும் விடவில்லை. அங்கேதான் காது குத்து. கவிதா பிள்ளையோடு முன்கூட்டியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் குளிக்கப் போகும்போது, "அம்மா, இவன் தவழுற வீடியோ இருக்கு, பாத்துக்கிட்டு இருங்க" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது. தெரியாமல் விரல் பட்டுத் திறந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. தெரிந்துதான் திறந்தேன்.

அது வேறொரு குரூப். 'நம்ம வீடு' என்று பேர். அதில் சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, நிவேதா, கவிதா. எங்களைச் சேர்த்த குரூப்புக்கு 'பெரிய குடும்பம்' என்று பேர்.

நிவேதா எழுதியிருந்தாள்: 'இன்னைக்கு என்ன, மீனா பறவையா? பெட் கட்டுறவங்க கட்டலாம்.' மாப்பிள்ளை 'மீன்' என்றிருந்தார். சம்பந்தி 'பாவம், விட்டுவிடுங்கள்' என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு மீன் படமும் போட்டிருந்தார். அதற்குக் கீழே கவிதா கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாக அனுப்பியிருந்தாள்.

மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மாதக் கணக்காக அதே கூத்து.

எனக்கு ஆத்திரம் வந்தது என்று நினைப்பீர்கள். முதலில் வந்தது சிரிப்பு. அந்தப் பச்சைப் பறவைக்குக் கீழே நிவேதா 'இது தண்ணிக்குள்ள பறக்கும்' என்று எழுதியிருந்ததைப் படித்ததும் அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். குளியலறையில் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டதும் போனை இருந்த மாதிரியே வைத்துவிட்டேன். கூடத்தில் அவர் பேரனுக்கு விசில் ஊதிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சொல்லியிருக்கலாம். 'ஏங்க, இந்த விளையாட்டு போதும், விட்டுருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுஷன் கௌரவமாக விலகியிருப்பார். நாளைக்குச் சொல்வோம், காது குத்து முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

டவர் இல்லாத மண்டபம்

காது குத்து நல்லபடியாக நடந்தது. என் அக்கா மகன் தாய்மாமன் முறைக்கு உட்கார, அவன் மடியில் பேரனை வைத்து ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை போட்ட கத்தலில் மண்டப வாசலில் இருந்த குரங்குகளே கூரைக்கு ஏறிவிட்டன. பிறகு கறிச்சோறு. பரிமாறுகிற ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே வாளி தூக்கினேன். என் வீட்டுக்காரர் சலவைச் சட்டை கசங்காமல் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். "இங்கிட்டு வந்து ஒரு கை பிடிங்களேன்" என்று இரண்டு தடவை கண் காட்டினேன். பார்க்காதது போல இருந்தார். அந்த எரிச்சல் எனக்குள் கிடந்தது.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம். நிவேதா ஜமுக்காளத்தை விரித்து ஒரு அட்டையைப் பரப்பினாள். பையிலிருந்து இங்கிலீஷ் எழுத்துக் கட்டைகளைக் கொட்டினாள். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நம்ம சாம்பியன் இல்லாம ஆட்டமா? வாங்க சம்பந்தி. இன்னைக்கு நேர்லயே பாத்துடுவோம்" என்றார் சம்பந்தி. அவர் குரலில் கேலி இருந்ததா, நிஜமான பிரியம் இருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இவர் சிரித்துக்கொண்டே எழுந்து, போனை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் ஓரத்துக்குப் போனார். தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். மலையடிவாரம், சுத்தமாக டவர் இல்லை. திரும்பி வந்து, "இல்ல சம்பந்தி, நீங்க ஆடுங்க. எனக்குக் கொஞ்சம் தலை கிறுகிறுங்குது" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

காப்பாற்று என்று கேட்ட பார்வை அது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது புரியாதா? 'ஆமா, காலையிலிருந்து அவருக்கு முடியலை' என்று சொன்னால் முடிந்தது. வேன் வந்துவிட்டது என்று சொன்னாலும் போதும்.

நான் கையில் எச்சில் வாளியோடு நின்றேன். வாயைத் திறந்தேன்.

"சும்மா போய் உக்காருங்க, என்ன கூச்சம்? தெரியலைன்னா இருக்கவே இருக்கு, மீனோ பறவையோ."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் தான் மட்டும்தான் கெடும். நான் பக்கத்தில் இருந்தவரையும் சேர்த்துக் கெடுத்தேன்.

நிவேதா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்தே, "ஐயோ, எங்க இன்னொரு குரூப்புல பேசுறது அத்தைக்கும் தெரியுமா?" என்று வெடித்துவிட்டாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடக்கி வைத்திருந்த சிரிப்பு. சம்பந்தி குனிந்து கட்டைகளை அடுக்குவது போல நடித்தார், அவர் தோள் குலுங்கியது. என்னையும் அறியாமல் நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

என் வீட்டுக்காரர் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். பஸ்ஸில் யார் டிக்கெட் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார். கவிதா மட்டும் பிள்ளையின் காதை ஊதுவது போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். "சரி, தெரிஞ்சதைப் போடுவோம்" என்றார். 'சன்' என்று வைத்தார். 'கேட்' என்று வைத்தார். ஒரு தடவை எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்ள, மில்க்குக்கு கடைசியில கே-யா, சி-யா?" என்று வாய்விட்டே கேட்டார். மாப்பிள்ளை தலை நிமிராமல் பதில் சொன்னார். "சூப்பர் சம்பந்தி, சூப்பர்" என்று பெரியவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் கை தட்டினார். சின்னப் பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரி இருந்தது. பாதியில் எழுந்திருக்காமல், கடைசிக் கட்டை தீரும் வரை ஆடித் தோற்றுவிட்டுத்தான் எழுந்தார்.

திரும்பும்போது வேனில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். மடியில் அழகர்கோவில் பிரசாதத் தோசைப் பொட்டலம் இருந்தது. புதூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் எல்லாம் கடந்து வீடு வந்து சேரும் வரை அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, பவுடர்கூடப் போட்டிருந்தார்.

கண்வலி

கவிதாவும் மாப்பிள்ளை வீட்டாரும் அன்றே சென்னைக்குக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் நாலு மணிக்கு வழக்கம் போல எழுத்து வந்து விழுந்த சத்தம் கேட்டது. அவர் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. நான் காபி கொடுத்தேன், குடித்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் கவிதாவே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா, குரூப்புல வார்த்தையே காணோம்?" குரல் சரியாக இல்லை. அழுதிருப்பாள் போல.

"கண்ணு வலி தாயி. டாக்டரு கொஞ்ச நாளைக்குப் போனைப் பாக்கக் கூடாதுன்னுட்டாரு. வேற ஒண்ணுமில்ல. பிள்ளைக்குக் காது ஆறிருச்சா? தேங்காயெண்ணெய் தடவு. மாப்பிள்ளையக் கேட்டேன்னு சொல்லு."

போனை வைத்தார். நான் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"அந்த இன்னொரு குரூப்புல நம்ம புள்ளையும் இருக்காளா?" என்று கேட்டார்.

"இருக்கா."

"அவளும் சிரிச்சாளா?"

"இல்லைங்க" என்றேன். "அவ சிரிக்கல. நான்தான் சிரிச்சேன்."

ஒரு கீரைக் கொத்தை எடுத்து அவரும் உருவ ஆரம்பித்தார்.

"பொய் சொல்லாத. சிரிச்சிருப்பா. சிரிக்கட்டும். அவுக கூடச் சேந்து சிரிச்சாத்தான அவ அந்த வீட்டுக்காரியா இருக்க முடியும்? அவ பொழைக்கணும், சிரிச்சா."

உருவிய காம்பைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ எதுக்குச் சிரிச்ச?"

இன்றுவரை நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.